துடுப்பில் காது வைக்கிறவள்

துடுப்பின் தட்டையைக் கடல்நீருக்குள் விட்டு, அடியிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்கக் கைப்பிடி நுனியைக் காதோரம் அழுத்திக் குந்தியிருக்கிறாள் அசியாக். உறைந்த கடலின் பனி விளிம்பில் இருக்கும் அத்தனை பேரும் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் அவள் முகத்தையே பார்க்கிறார்கள். திமிங்கிலம் வரும் நாட்களில் பனிமேல் ஒருவன் செருமினால்கூட அவளுக்குப் பொறுக்காது. "கனைக்கணும்னா ஊருக்குப் போயிக் கனை. அதுக்கும் உன்னை மாதிரி செவிட்டுக் காதுன்னு நெனச்சியா?"

வாய் கொஞ்சம் நீளம்தான். தேநீரில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுவாள். கேட்டால், "கடலு பூரா உப்பு, இதாவது இனிக்கட்டுமே" என்பாள்.

பேச்சு எங்கே தொடங்கினாலும் பனியின் அடிப்பக்கத்துக்கு வந்துவிடுவாள். அடி வழவழவென்றிருந்தால் சத்தம் சிதறாமல் வெகுதூரம் வரும், திசையும் தெரியும். பனிப்பாளங்கள் மோதி மேடு கட்டிய இடத்தில், மேலே தெரிவதைவிடப் பல மடங்கு பனி நீருக்குள் தொங்கும். அதில் பட்ட சத்தம் சின்னாபின்னம். "அங்க ஒருத்தன் கூப்பிட்டா ஒம்பது பக்கத்துலேருந்து கேக்கும். எது நெசம்னு நீ தேடு."

சில வருஷங்களுக்கு முன், இதே வசந்தத்தில், அவள் கணவன் தாலக் நின்றிருந்த பனி பிளந்து மூடுபனிக்குள் மிதந்துபோனது. அவள் துடுப்பில் கேட்டாள்: டொக், டொக். உயிரோடு இருக்கிறான், பனியில் தட்டுகிறான்! ஆனால் நடுவில் பெரிய மேடு. தட்டல் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது, அதுவும் மெல்லியதாக. பலமாக, விடாமல் தட்டியிருந்தால் இடம் மாறி மாறிக் கேட்டுத் திசை பிடித்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. அவள் கைகாட்டிய பக்கம் படகு போனது. அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது.

ஏன் மெதுவாகத் தட்டினான் என்பது ஊருக்கே தெரியும். ஒரு திமிங்கிலம் என்றால் ஊர் முழுவதற்கும் குளிர்காலச் சாப்பாடு. சத்தம் போட்டு அதை விரட்டிவிடக் கூடாது. "பாவி மனுஷன், சாகப்போற நேரத்துலயும் அடக்கமா இருந்தானே" என்று இப்போதும் அழுவாள். அழுதுகொண்டே, செருமியவனை முறைப்பாள்.

இன்று தாலக்கின் அண்ணன் கிக்னாக்கின் படகு நீரில் இறங்கக் காத்திருக்கிறது. அசியாக் விரலை உயர்த்துகிறாள்: திமிங்கிலம் வருகிறது. அதே நேரம், பின்னால் பனியில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்துவர மகன் அமாகுக் கிளம்புகிறான். அவள் துடுப்பைப் போட்டுவிட்டுக் கூடாரத்திலிருந்து சுத்தியலை எடுத்துவருகிறாள்.

"பனி பிச்சுக்கிட்டா இதால தட்டு."

"பக்கத்துல வந்துடுச்சும்மா," என்று கிசுகிசுக்கிறான் அவன். "தட்டுனாலும் மெதுவாத்தான் தட்டணும்."

"மெதுவாவா?"

சுத்தியலை இரண்டு கையாலும் ஓங்கிப் பனியில் அடிக்கிறாள். மறுபடியும் அடிக்கிறாள். விளிம்புக்கு அப்பால் கரிய முதுகு ஒன்று தெரிந்து, உடனே அமிழ்ந்துபோகிறது. கிக்னாக் படகைப் பின்னுக்கு இழுக்கிறார்.

"இப்படித் தட்டணும்டா" என்று மூச்சிரைக்கச் சொல்லி, கைப்பிடியை மகன் பக்கம் திருப்பி நீட்டுகிறாள்.