பாராளுமன்றம் கலைந்தால் மகள் வருவாள்

1. பெரட்டில் முதல் நாள்

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் தபால் வேலை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் ஐந்தாம் வகுப்புப் படிப்புத்தான். பெயர்களைப் பிழையில்லாமல் வாசிப்பான் என்று கிளாக்கர் ஐயா நம்பினார். தினமும் பஸ்ஸில் பசறைத் தபால் கந்தோருக்குப் போய், தோட்டத்துக்கு வந்த கடிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்டத்தின் பெயருக்கு வந்து, அங்கிருந்துதான் ஆட்களிடம் போகும். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. பேச்சில்லாத வேலை என்று சந்தோஷமாகச் சேர்ந்தேன்.

சேர்ந்த இரண்டாம் மாதம் தேர்தல் வந்தது. வாக்காளர் அட்டைகள் கட்டாக வந்தன. லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன்.

"நீ லயத்துக்குப் போறப்ப ஆளுங்க கொழுந்து மலையில இருப்பாங்க. காலையில பெரட்டுல நின்னு பேரைக் கூப்பிடு" என்றார் கிளாக்கர் ஐயா.

பெரட்டு என்பது காலையில் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் கூடி, அன்றைய வேலையைக் கேட்டுக்கொண்டு கலைகிற இடம். அங்கே ஒரு கல்லின் மேல் ஏறி நின்றேன். முதல் பெயரை வாசித்தேன். எனக்கே கேட்கவில்லை. முன்னால் நின்ற மீனாட்சி அக்கா, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியபடியே சொன்னார்: "என்ன தம்பி, ஓட்டைத் தொண்டைக்குள்ளயே போட்டுட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கோபத்தில் குரல் வந்தது. வரிசையாக வாசித்துக்கொண்டே போனேன். திடீரென்று கையில் அப்பாவின் அட்டை வந்தது. பெற்றவரின் பெயரை மகன் வாயால் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. நான் நிறுத்திவிட்டேன். கிளாக்கர் ஐயா முறைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, "கருப்பையா!" என்று கத்தினேன்.

"வந்தேங்க" என்று ஒரு வெளியாளுக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அப்பா முன்னே வந்தார்.

என் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் ஓட்டுப் போட்டவர். நாடு சுதந்திரம் அடைந்ததும், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி எங்கள் ஆட்களின் ஓட்டை எடுத்துவிட்டார்கள். அப்பா வளர்ந்து, கல்யாணம் செய்து, தலை நரைத்து, குடியுரிமைக் கடதாசி கைக்கு வந்த பிறகு, அன்றுதான் முதல் அட்டை கிடைத்தது. அதை இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை லயம் முழுவதும் சொல்லிச் சிரித்தார்.

2. மூன்று நம்பர்

முன்பு எங்கள் தொகுதிக்கு என்று ஒரு பாராளுமன்ற மெம்பர் இருந்தாராம். என் காலத்தில் பதுளை மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதிதான். கட்சிச் சின்னத்துக்குப் புள்ளடி என்கிற பெருக்கல் குறி போட்டுவிட்டு, அந்தக் கட்சியில் நமக்குப் பிடித்த மூன்று பேரின் நம்பருக்கும் போடலாம்.

ஒரு தேர்தலில் நம் ஆட்கள் வெவ்வேறு கட்சிகளில் நான்கு பேர் நின்றார்கள். நான்கு பேரும் லயத்துக்கு வந்து, நான்கு பேரும் பாதை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள்.

"நாலு பாதை எதுக்குங்க? ஒரே பாதையை நாலு பேரும் சேர்ந்து போடுங்களேன்" என்றார் மீனாட்சி அக்கா.

ஓட்டு நாலாகப் பிரிந்து ஒருவரும் தெரிவாகவில்லை. பாதையும் வரவில்லை. அதன் பிறகுதான் தோட்டத்தில் ஒரு பேச்சு உறுதியானது: ஒரு ஓட்டைக்கூட வெளியே விடக் கூடாது. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளின் பெயர்களும் இங்கேதான் இருக்க வேண்டும். தேர்தலன்று அவர்கள் வந்து போட வேண்டும். அப்படியே நடந்தது. அடுத்த முறை நம் ஆள் ஒருவர் பாராளுமன்றத்துக்குப் போனார்.

3. கொழும்பு பஸ்

என் மகள் புஷ்பா கொழும்பில் துணிக்கடையில் வேலைக்குப் போனாள். முதல் வருடம் தீபாவளிக்கு வருவாள் என்று பார்த்தோம். கடையில் அப்போதுதான் கூட்டமாம். பொங்கலுக்கும் லீவு இல்லை. ஆனால் தேர்தலுக்கு லீவு கொடுத்தார்கள்.

விதிப்படி, ஆள் இல்லாத அட்டையைத் தபால் கந்தோருக்குத் திருப்ப வேண்டும். நான் திருப்பவில்லை. கொழும்புப் பிள்ளைகளின் அட்டைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஓட்டுப் போடும் நாள் விடிந்ததும் சந்தியில் போய் நிற்பேன். பஸ் வளைவில் திரும்பும்போதே பிள்ளைகள் ஜன்னலில் கை காட்டுவார்கள். புஷ்பா இறங்கி, முதலில் அட்டையை வாங்குவாள், பிறகுதான் "என்னப்பா, மெலிஞ்சிட்டீங்க" என்பாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் அவள் எனக்கு முன்னால் நிற்பாள். இடது கைச் சின்ன விரலில் மையோடு மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவாள். மை அழிவதற்குள் அவள் அங்கே வேலையில் இருப்பாள்.

நாளாக ஆக, எனக்கு அரசியல் செய்தியில் ஆசை வந்துவிட்டது. பாராளுமன்றம் கலைந்தது என்று ரேடியோவில் சொன்னால் மனம் துள்ளும்.

"ஆட்சி கவுந்துச்சின்னா ஊரே பயப்படுது, இந்த மனுஷன் மட்டும் பல்லைக் காட்டுறாரு" என்று மீனாட்சி அக்கா என் மனைவியிடம் சொன்னார். என் மனைவிக்குக் காரணம் தெரியும். புஷ்பா வரும் நாளில் ஒரு சுண்டு அரிசி கூடுதலாக ஊறவைப்பாள்.

4. படிவம்

ஒவ்வொரு வருடமும் கிராம சேவகர் வீட்டுக்கு ஒரு படிவம் தருவார். வீட்டில் வசிக்கிறவர்களின் பெயர்களை வீட்டுத் தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதிலிருந்துதான் வாக்காளர் பட்டியல் வரும்.

புஷ்பா கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையும் பிறந்த பிறகு போன் செய்தாள்.

"அப்பா, அங்க என் பேரை எடுத்துடுங்க. அங்க எடுத்தாத்தான் இங்க போடுவாங்களாம். பாப்பாவை ஸ்கூல்ல சேர்க்க இந்த ஊரு லிஸ்ட்ல பேரு இருக்கணும். எத்தனை வருஷமா இருக்குன்னு பார்ப்பாங்க."

"சரிம்மா" என்றேன்.

படிவம் வந்தது. என் பெயர், மனைவி பெயர் எழுதினேன். மூன்றாவது வரியில் பேனா நின்றது. அந்த வரியை வெறுமையாக விட்டால், அடுத்த தேர்தலுக்கு நான் சந்தியில் நிற்க எனக்குக் காரணம் இல்லை. புஷ்பாவின் பெயரை எழுதினேன். தோட்டத்து ஓட்டு குறையக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருடமும் எழுதினேன். தேர்தல் வந்தது, அட்டை வந்தது. "ஆபீஸ்ல இன்னும் மாத்தல போல" என்று பொய் சொன்னேன். அவள் குழந்தையோடு வந்தாள். பாப்பா என் தோளில் தூங்கினாள்.

பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் போட்ட வருடம், வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்றார்கள். கொழும்புப் பட்டியலில் தகப்பன் பெயர் மட்டும் இருந்தது போதவில்லை, தாயின் பெயர் ஒரு வருடம்கூட இல்லை. பாப்பாவுக்குக் கிடைத்த பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

புஷ்பா போனில் கேட்டாள். "அப்பா, வருஷா வருஷம் தோட்டத்துலேருந்து என் பேரு எழுதி வந்திருக்காம். நீங்களா எழுதினீங்க?"

"நான்தான்."

போனில் அவளுக்குப் பின்னால் வாகனங்கள் போவது கேட்டது.

"நான் எலெக்ஷனுக்கு வரணும்னா?"

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழுதுகொண்டே சொன்னாள்: "ஊரு ஆளு பேரையெல்லாம் பெரட்டுல கத்திக் கூப்பிடுறீங்க. என்னை ஒரு நாளாவது வான்னு கூப்பிட்டிருக்கீங்களாப்பா?"

5. கூப்பிட்டது

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை வருடமும் அந்த அட்டையே அவளைக் கூப்பிடும் என்று இருந்துவிட்டேன். அவள் வேலை கெடுமோ, மருமகன் என்ன நினைப்பாரோ என்று கூச்சம்.

அந்த வருடப் படிவத்தில் இரண்டு பெயர்தான் எழுதினேன். அதைக் கிராம சேவகர் கையில் கொடுத்துவிட்டு, பசறை பஸ் ஸ்டாண்டில் நின்றபடி போன் செய்தேன். சுற்றிலும் ஆட்கள். "புஷ்பா, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வாம்மா" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

இந்த வேலைக்கு வரும் தம்பிமாருக்கு இரண்டு விஷயம் சொல்வேன். ஆள் இல்லாத அட்டையைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள். படிவத்தில், வீட்டில் இருக்கிறவர்களின் பெயரை மட்டும் எழுதுங்கள். நான் ஆசைப்பட்டு எழுதிய ஒரு பெயருக்காக, ஒரு சின்னப் பிள்ளை இன்றும் இரண்டு பஸ் மாறிப் போகிறாள்.

புஷ்பா பள்ளி விடுமுறையில் வந்தாள். அட்டை எதுவும் இல்லாமல், வெறும் கையோடு சந்தியில் நின்றேன். வளைவில் பஸ் திரும்பியதும் ஜன்னலில் ஒரு சின்னக் கை ஆடியது. நாங்கள் மூவரும் மேலே ஏறி வருவதைக் கண்டு, மீனாட்சி அக்கா வாசலிலிருந்து கேட்டார்:

"என்னாங்க, பாராளுமன்றம் கலஞ்சிருச்சா?"

"இல்லக்கா," என்றேன், "நான் கூப்பிட்டேன்."