நெத்திலிக்குக் காவல் நின்ற துப்பாக்கி

தண்டையார்பேட்டைக் காயலாங்கடைத் தம்பிக்கு என் கிறுக்கு தெரியும். இன்று காலை காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, "யக்கா, உனுக்கோசரம் ஒண்ணு எட்த்து வச்சிகீறேன்" என்று நீட்டினான். தகரத்தில் செய்த பழைய கேப் துப்பாக்கி. வாங்கியதும் குழலை மூக்கில் வைத்து மோந்தேன். வெறும் துருவாடை.

"இன்னாக்கா, மீனா வாங்குற, மோந்து பாக்குற?" என்று சிரித்தான்.

சிரிக்கட்டும். வீட்டில் ஓர் அலமாரி நிறைய இப்படித் துப்பாக்கி சேர்த்து வைத்திருப்பவள் நான். ஒன்றிலாவது அந்த வாசனை இருக்க வேண்டுமே! சுட்ட மருந்தும் நெத்திலிக் கருவாடும் கலந்த வாசனை. உங்களுக்கு அது நாற்றமாக இருக்கலாம், எனக்கு அதுதான் தீபாவளி.

சின்ன வயதில் ஒரு தீபாவளிக்கு அண்ணன் செல்வத்துக்குத் துப்பாக்கி, எனக்கு ரிப்பன். விடுவேனா? மணலில் புரண்டு அழுதேன். அம்மா காசிமேட்டுக் கடலோரத்தில் பழைய வலையை விரித்து நெத்திலி காயப்போடுகிறவள். காக்காய் விரட்டுவது எங்கள் வேலை. என் அழுகை பொறுக்காமல் ஒரு தீர்ப்பு சொன்னாள்: "காலைல அவன், மத்தியானம் நீ. யார் காவல்ல மீனு கொறையாம கீதோ, துப்பாக்கி அவங்களுக்கு."

அண்ணன் ஒரு வெடி வெடித்ததும் காக்கைகள் அலறிப் பறந்தன. ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடலைச் சுட்டான், நாயைச் சுட்டான், என்னையும் சுட்டான். வெயில் ஏறுவதற்குள் கேப் சுருள் தீர்ந்துபோயிற்று. காக்கைகள் சாவகாசமாக இறங்கின. வலையில் அங்கங்கே வெற்றிடம்.

என் முறை. என் பங்குச் சுருளைப் போட்டு அழுத்தினால் 'டிக்'. மறுபடியும் 'டிக்'. கடல்காற்றில் கேப் மொத்தமும் நமுத்துப் போயிருந்தது. காக்கைகள் வலையோரம் வந்துவிட்டன. போச்சு, துப்பாக்கி போச்சு! என்ன செய்வதென்று தெரியாமல் அதை நீட்டிப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன்: "டமால்!"

அடடா, கூட்டமாகப் பறந்தன! காலையில் பட்ட பயம் இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது. சாயங்காலம் வரை டமால், டமால்தான்.

"துப்பாக்கி வெடிக்கவே இல்லம்மா, இவதான் கத்திகினு இருந்தா!" என்று அண்ணன் குதித்தான்.

அம்மா வலையைப் பார்த்தாள். "மீனு கீதா இல்லியா?"

அவ்வளவுதான், துப்பாக்கி என் கைக்கு வந்தது. சந்தோஷத்தில் கூச்சல் போடக் குரல்தான் இல்லை.

உப்புக்காற்று அந்தத் துப்பாக்கியைத் தின்று எவ்வளவோ காலமாகிறது. நெத்திலி காய்ந்த மணலையும் கடல் கொண்டுபோய்விட்டது. அங்கே இப்போது கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அம்மாவும் இல்லை.

சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய், மாதவரத்தில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டுப் புதுத் துப்பாக்கியைப் பற்றிச் சொன்னேன். "காக்கா இருந்தா சுடு பாக்கலாம்" என்றான். கேப்புக்கு எங்கே போவது? தண்ணீர்த்தொட்டி மேலிருந்த காக்காயைக் குறிபார்த்து, பழையபடி "டமால்!" என்று கத்தினேன்.

"பறந்துச்சா?"

"எங்க? குந்திகினு என்னியே பாக்குதுண்ணா."

போனிலேயே அண்ணன் துள்ளிக் குதித்தான். "அம்மா மட்டும் இருந்தா, இப்போ அந்தத் துப்பாக்கிய என் கைல குடுத்திருக்கும்!"