காரின் கூரையை அடைத்த ஜமால் பாய்

தஞ்சாவூர் நீதிமன்ற வராந்தாவில் நின்றிருந்தபோது கீழ்வேளூரிலிருந்து போன் வந்தது. ஜமால் பாயின் மகள் சபுரா பேசினாள். “மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துருங்க” என்றாள். அவள் அழுகையை அடக்கிக்கொண்டுதான் பேசினாள். எனக்கு அது முடியவில்லை. போட்டிருந்த கறுப்புக் கோட்டோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் நடவு நடந்துகொண்டிருந்தது.

அவருடைய உரக்கடையில் ஒரு மூட்டை யூரியாவாவது வாங்கியவர்களுக்கும், தேர்தல் நேரத்தில் அவர் மைக்கைப் பிடித்ததால் தூக்கம் கெட்டவர்களுக்கும் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வளைகுடாவில் சில வருடம் கார்ப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வந்ததும் உரக்கடை வைத்தார், பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கினார், ஆளுங்கட்சியில் சேர்ந்தார். மூன்றில் எதன் மேல் அவருக்குப் பிரியம் அதிகம் என்று கேட்டால் யோசிக்காமல் காரைக் காட்டுவார். நானோ அந்த வட்டாரத்தில் பண்ணை வேலை செய்தவரின் மகன், விவசாயத் தொழிலாளர் சங்கத்து வக்கீல். அவர் கட்சிக்கும் எங்களுக்கும் ஏழாம் பொருத்தம். “வக்கீலய்யா, உங்க ஆளுங்க ஊர்வலம் போறதுக்குள்ள நாங்க எலெக்‌ஷனே முடிச்சிருவோம்” என்று சீண்டுவார். மத்தியானம் அவர் வீட்டுச் சோறுதான் எனக்கு.

அந்தக் காரை அவர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஏதோ ஒரு வேனின் டீசல் எஞ்சினை மாட்டினார். கார் வருவது அடுத்த ஊருக்குக் கேட்க வேண்டும் என்று சைலன்சரை எடுத்துவிட்டார். பின் சீட்டைத் தூக்கிவிட்டு, கூரையில் ஓர் ஆள் இடுப்பளவு நிற்கிற மாதிரி ஓட்டை போட்டார். வேட்பாளர் நிற்பதற்காக. மழை வந்தால் அதன்மேல் தார்ப்பாய். “காத்தும் வருது, ஓட்டும் வருது” என்பார்.

ஒரு சட்டமன்றத் தேர்தலில் அந்த ஓட்டையில் நின்றபடிதான் அவர் கட்சி வேட்பாளர் கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாக்குக் கொடுத்தார். அங்கே பக்கிரிசாமியும் இன்னும் சில குடும்பங்களும் தலைமுறையாகக் கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார்கள். ஒருவரைக்கூட வயலை விட்டு இறங்க விடமாட்டேன் என்றார் வேட்பாளர். அதை மைக்கில் மூன்று தெருவுக்கும் திருப்பிச் சொன்னது ஜமால் பாய். வேட்பாளர் ஜெயித்தார். அடுத்த சம்பா அறுப்பதற்குள் அதே நிலம் குத்தகை ஏலத்துக்கு வந்தது. எடுக்க நின்றவர் சட்டமன்ற உறுப்பினரின் மைத்துனர்.

நான் வருவாய் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். இவர்கள் குத்தகைதாரர்களே இல்லை, கூலிக்கு வேலை செய்தவர்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னது. குத்தகைப் பதிவெல்லாம் பழைய மிராசுதார் ஒருவரின் பெயரில் இருந்ததால் எங்கள் கை தாழ்ந்திருந்தது. வயலையும் ஆட்களையும் தெரிந்த, எங்கள் சங்கத்தைச் சேராத ஒருவர் சாட்சி சொன்னால்தான் பிழைக்கலாம். ஜமால் பாயைக் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. “யோசிச்சு சொல்றேன்” என்றார். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. பக்கிரிசாமி அதற்கு முன்பே அவர் கடைப் படி ஏறுவதை நிறுத்தியிருந்தார். “மைக்குல கேட்டது அவரு குரல்தானே” என்பது அவர் கணக்கு.

அந்தச் சமயம் பார்த்துத்தான் காரின் பதிவைப் புதுப்பிக்கும் தவணை வந்தது. புகைப் பரிசோதனை கட்டாயமாகியிருந்த புதிது. வண்டி கக்கிய கரும்புகையைப் பார்த்த அதிகாரி கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆர்.சி. புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே திருப்பிக் கொண்டு வா, இல்லாவிட்டால் ரோட்டில் ஓட்டாதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

காரைப் பழையபடி ஆக்குவது என்றால் அதன் உறுப்புகளைத் தேடி ஜில்லாவையே சுற்ற வேண்டும். கூட நானும் போனேன், அவரிடம் பதில் வாங்கும் எண்ணத்தில். பெட்ரோல் எஞ்சின் ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு போர்செட்டில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. “கதிரு பால் புடிக்கிற நேரம் பாய், இப்ப கழட்டுனா பயிரு போயிரும்” என்று அந்த விவசாயி கும்பிட்டார். “பயிரைக் கெடுத்தா அல்லா கேப்பான்” என்ற ஜமால் பாய், காரின் டீசல் எஞ்சினையே கொண்டுபோய் அங்கே மாட்டி, தண்ணீர் விழுவதைப் பார்த்த பிறகுதான் பழையதைக் கழற்றினார். கூரையில் வெட்டிய தகடு அவர் குடோனில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக இருந்தது. மிச்சம் பின் சீட்டு. அது கட்சி அலுவலகத்தில் சோபாவாகிப் பல வருடம் ஆகியிருந்தது.

நாங்கள் போனபோது ஒன்றியச் செயலாளர் அதில்தான் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “கொஞ்சம் எந்திரிங்க செயலாளரே, சீட்டு வேணும்” என்றார் ஜமால் பாய். விஷயத்தைக் கேட்டுச் செயலாளர் சிரித்தார்.

“எதுக்குண்ணே அலையறீங்க? எம்.எல்.ஏ. ஒரு போன் போட்டா வண்டி புகையே விடலைன்னு எழுதிக் குடுத்துருவாங்க. உள்ளாட்சித் தேர்தல் வருது. ஓட்டையை மட்டும் அடைச்சிராதீங்க.”

“அதுல ஏறி நின்னு சொன்ன வார்த்தையே இன்னும் அந்தரத்துல நிக்கிது. இன்னொரு ஆளை எப்படி ஏத்துறது?”

செயலாளரின் சிரிப்பு நின்றுவிட்டது. “யோசிச்சுத்தான் பேசுறீங்களா? கடை லைசென்சு, டீலர்ஷிப்பு எல்லாம் இருக்கு பாத்துக்குங்க.”

“இருக்கட்டும். நீங்க எந்திரிங்க.”

செயலாளர் எழுந்தார். சீட்டின் ஒரு பக்கத்தை ஜமால் பாய் பிடித்தார், மறு பக்கத்தை நான் பிடித்தேன். எதிர்முகாம் வக்கீலும் அவருமாகக் கட்சி அலுவலகத்துச் சோபாவைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியே நடந்ததைக் கீழ்வேளூரே நின்று பார்த்தது. ராஜினாமாக் கடிதம் எழுதியிருந்தால்கூட அத்தனை பேருக்குத் தெரிந்திருக்காது. பாதி வழியில் சீட்டை இறக்கி வைத்து மூச்சு வாங்கியவர், “எப்ப சாட்சி சொல்லணும்?” என்று மட்டும் கேட்டார்.

பட்டறையில் கூரையை வெல்டிங் வைத்து, வெள்ளை பெயின்ட் அடித்து, பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். பரண்மேல் கிடந்த பழைய சைலன்சரில் எலிகள் குடும்பம் நடத்தியிருப்பதை நாங்கள் பார்க்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்ததும் வைக்கோலும் பதருமாகப் பறந்து அதிகாரியின் தலையில் விழுந்தது. “தஞ்சாவூர் ஜில்லா வண்டி சார், நெல்லு இல்லாம எப்படி?” என்றார் ஜமால் பாய். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுத்தம் செய்து மறுபடி காட்டினோம். புகை கண்ணுக்கே தெரியவில்லை.

அதே காரில்தான் விசாரணைக்குப் போனோம். எதிர்த்தரப்பு வக்கீல் அவரைச் சுற்றிச் சுற்றிக் கேட்டார். இவர்கள் கூலிக்காரர்கள் இல்லை என்று உமக்கு எப்படித் தெரியும் என்று மேசையைத் தட்டினார். ஜமால் பாய் மைக்கில் பேசுகிற குரலில் பேசவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

“குறுவைக்கும் சம்பாவுக்கும் எங்கிட்டதான் உரம் வாங்குனாங்க சார். பொஞ்சாதி தோட்டை அடகு வச்சு வாங்கிட்டுப் போனவங்களையும் பாத்திருக்கேன். கூலிக்குப் போற ஆளு எவனாச்சும் அடுத்தவன் வயலுக்குப் பொஞ்சாதி தோட்டை அடகு வைப்பானா?”

வக்கீல் குறுக்கு விசாரணையை முடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏலம் நின்றது. வழக்கு பிறகு வருடக்கணக்கில் இழுத்து, குத்தகை அவர்கள் பெயருக்கே பதிவானது. ஜமால் பாயின் உர டீலர்ஷிப் மட்டும் அந்த வருடமே பறிபோனது. பெட்டிக்கடை அளவுக்குச் சுருங்கிய கடையில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்த்ததும் “வாங்க வக்கீலய்யா, உங்க ஊர்வலம் வந்து சேந்துச்சா?” என்பார். வருத்தமா என்று ஒருமுறை கேட்டேன். “டீலர்ஷிப் போனது வருத்தந்தான். பொய்யா சொல்லுவேன்?” என்றார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு இன்னும் பிரியம் கூடியது.

அன்று கபர்ஸ்தானில் எல்லோரும் மண் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கிரிசாமி வந்து சேர்ந்தார். வயதாகிவிட்டது. செய்தி கேட்டு நடவிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார். முழங்கால்வரை சேறு. காலைக் கழுவிக்கொண்டு போகலாமே என்று குழாயைக் காட்டினார் ஒருவர். பக்கிரிசாமி குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“இந்தச் சேத்துக்குத்தாங்க அவரு கூண்டுல ஏறுனாரு” என்று சொல்லிவிட்டுக் குழியருகே போனார்.

நான் இன்றும் மேடைகளில் பேசுகிறேன். பிறர் கொடுத்த வாக்கை மைக்கில் திருப்பிச் சொல்ல நேரும்போது, அதற்கு நானும் பொறுப்பு என்ற பயம் ஒன்று வந்துவிடுகிறது. ஜமால் பாயிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பயம்தான். அது போய்விடாமல் இருக்க வேண்டும்.