அளந்த அரிசியில் ஒரு பிடி

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். பிடிக்கும். அதுதான் தொல்லையே. பிடிக்காத ஒருத்தி என் மகளைத் தன் பக்கம் இழுத்திருந்தால், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இவளைக் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. ஒன்றும் செய்யாமலே என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவள் அவள்.

எழுபதுகளில் நாங்கள் செங்கல்பட்டில், ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. ஒரே மகள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் சபைப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்துவது நான். என் வகுப்பில் வசனத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டு யாரும் உட்கார முடியாது. மறுபடி சொல்ல வேண்டும், சரியாக வரும்வரை சொல்ல வேண்டும். என் மகள் ஒரு தரம்கூடத் தப்பாகச் சொன்னதில்லை. வசனப் போட்டிகளில் அவள் வாங்கி வந்த எவர்சில்வர் டம்ளர்களை அலமாரியில் அடுக்கி, வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி கதவைத் திறந்து வைப்பேன். குழந்தையாக இருந்தபோதே மடியில் உட்கார வைத்து ஜெபம் சொல்லிக் கொடுத்தேன். அவள் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு வார்த்தையும் நான் போட்டது. அதில் எனக்குப் பெருமை இருந்தது, ஏன் இருக்கக் கூடாது?

அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம் திடப்படுத்தலுக்குப் பெயர் கொடுத்தோம். கைக்குழந்தையில் ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைகள், வளர்ந்தபின் தங்கள் வாயாலேயே விசுவாசத்தை அறிக்கையிட்டு, பேராயர் கையால் ஆசீர்வாதம் பெற்று, முதல் முறையாக நற்கருணை வாங்குகிற ஆராதனை அது. அப்போது எங்கள் சபைக்கு வந்திருந்த போதகர் ஐயா தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். பேராயர் வருவதற்கு முந்தின ஞாயிறு அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பீடத்துக்கு முன்னால் அழைப்பார். "விசுவாசத்தை நீ யாரிடத்தில் கண்டாய்?" என்று கேட்பார். பிள்ளை யாரைச் சொல்கிறதோ அவர் சபை நடுவில் எழுந்து நிற்க வேண்டும். அவருக்காகவும் பிள்ளைக்காகவும் சபை சேர்ந்து ஜெபிக்கும். அதற்கு முந்தின வருஷம் ஒரு பையன் தன் அம்மாவைச் சொன்னான். அந்தம்மா அதற்குப் பிறகு வெகுநாள் கோயிலுக்குள் நடந்து வந்த நடையே வேறு. எனக்கும் அந்த நடை வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முழுப் பரீட்சை லீவில் மகளை அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பினோம். அத்தை என்றால் என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள். சதுரங்கப்பட்டினத்தில் பிரசவம் பார்க்கிற நர்ஸ். இடிந்த கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாடகை வீடு. மீன்பிடிக் குப்பத்திலும் மரக்காயர் வீடுகளிலும் அவள் கை படாமல் பிறந்த பிள்ளைகள் குறைவு. ரம்ஜானுக்கு அவள் வீட்டில் அடுப்பே எரியாது, அத்தனை வீட்டிலிருந்து சேமியா வரும். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தவள் இல்லை, பாட்டுக்குழுவில் பாடினவள் இல்லை. வசனம் கேட்டால் பாதியில் நிறுத்திவிட்டு, "மீதி உங்களுக்குத் தெரியுமே அண்ணி" என்று சிரிப்பாள். அவளால் என் மகளுக்கு என்ன வந்துவிடும் என்றுதான் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துத் திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற பஸ்ஸில் திரும்பி வந்தாள். அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் அவளை ஜெபிக்கச் சொன்னேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் காய்ச்சலில் கிடந்த அம்மாளின் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வார்த்தை மறந்துபோய்விட்டது என்று நினைத்து மெல்ல எடுத்துக் கொடுத்தேன்.

"மறக்கல மா," என்றாள். "அத்தை இப்டித்தான் பண்ணுவாங்கோ. பேர் சொல்லிட்டு சும்மா இருப்பாங்கோ."

என் ஜெபம் கால் மணி நேரம் போகும். அது அவளுக்கு நீளமாகத் தெரிந்திருக்கிறது! எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலையில் நடந்தது அதைவிட மோசம். எங்கள் சபை வீடுகளில் பிடியரிசி என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைக் கடவுளுக்கென்று தனியாக எடுத்து வைப்போம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் இருக்கிற பெரிய கூடையில் கொட்டுவோம். ஊழியக்காரர்களுக்கும் இல்லாத வீடுகளுக்கும் அது போகும். எனக்கு ஒரு பால் பவுடர் டின் உண்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வேளைகூட நான் விட்டதில்லை. மூட்டையைப் பிரித்ததும் முதல் பிடி டின்னுக்கு, அப்புறம்தான் வீட்டுக்கு ஆழாக்கில் அளப்பேன். முதல் பிடி கடவுளுக்கு என்பதில் எனக்கு அவ்வளவு கண்டிப்பு.

அன்றைக்கு மகள் அடுப்படிக்கு வந்தாள். டின்னில் நான் போட்டிருந்த பிடியைத் திரும்ப மூட்டையில் கொட்டினாள். வீட்டுக்கு அளந்து வைத்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டாள்.

"இன்னாடி பண்ற? அது அப்பாக்கு, உனக்கு, எனக்குன்னு அளந்தது. கொறஞ்சி பூடும்ல?"

"ஆமாம்மா," என்றாள், நான்தான் அவளுக்குச் சரியான பதிலைச் சொன்ன மாதிரி. "கொறயணும்ல? மூட்டைல எடுத்தா நம்ம தட்டுல இன்னா கொறயுது? அத்தை அளந்ததுலதான் எடுப்பாங்கோ."

அது அரிசிக்குத் தட்டுப்பாடான காலம். ரேஷன் கடை வாசலில் நின்று வாங்கி வருகிற அரிசி. எனக்கு வந்த கோபத்தில் அவள் கையிலிருந்து ஆழாக்கைப் பிடுங்கினேன். பிடுங்கினேனே தவிர, அவள் செய்தது எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. என் அம்மா வீட்டில் அளந்ததில்தான் எடுப்பார்கள். மூட்டைக்கு மாறியது நான். எப்போது மாறினேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

வீட்டுக்காரர் டியூட்டி முடிந்து வந்ததும், "உங்க தங்கச்சி எம் பொண்ண மாத்திட்டா," என்றேன்.

"இன்னாத்த மாத்திட்டா? சாமியவா?" என்று கேட்டுவிட்டு நாஸ்தாவுக்கு உட்கார்ந்தார். அன்றைக்கு இட்லிக்குச் சட்னி அரைக்காமல் விட்டேன்.

அதற்குப் பிறகு மகள் எதைச் செய்தாலும் எனக்கு அதில் நாத்தனார்தான் தெரிந்தாள். துணி மடிக்கிற விதத்தில் அவள், வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் முதலில் "சாப்டீங்களா" என்று கேட்பதில் அவள். பெற்றது நான், பாலூட்டியது நான், வசனம் ஊட்டியது நான். முழுசாகப் பத்து நாள் பார்த்துக்கொண்டவளின் சாயல் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பொறாமை, சாதாரணப் பொறாமை இல்லை, சோறு இறங்காத பொறாமை.

அந்த வருஷம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை மகாபலிபுரம் கடற்கரைக்கு அழைத்துப் போனோம். புளிசாதம் கட்டி, வாடகை வண்டி பேசிப் போனோம். மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டு ஆண்டவர் பின்னால் போன பாடத்தைக் கடலைக் காட்டியே சொல்ல வேண்டுமென்று ஒரு வாரமாகத் தயார் செய்திருந்தேன். பாதிப் பாடத்தில் சதுரங்கப்பட்டினத்து பஸ்ஸிலிருந்து நாத்தனார் வந்து இறங்கினாள். என் மகள்தான் வரச் சொல்லியிருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. நாத்தனார் பின் வரிசையில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தாள், பாடத்தைக் கெடுக்கவில்லை. ஆனால் மணலில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் அவளைப் பார்த்துவிட்டாள். "நர்சம்மா!" என்று கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். "பாரு, நீ எடுத்த புள்ள." குழந்தைக்கு நெஞ்சில் சளி. நாத்தனார் வாங்கி மார்பில் சாய்த்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். என் மகள் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்று தானும் தலையைக் குனிந்தாள். மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொன்றாக எழுந்து போய் நின்றன. என் முன்னால் புளிசாதப் பொட்டலங்கள் மட்டும் இருந்தன. பேதுரு வலையை விட்ட இடத்தில் என் பாடம் நின்றது.

திரும்பி வருகிற வழியெல்லாம் ஒன்றே நினைத்தேன். திடப்படுத்தலுக்கு முந்தின ஞாயிறு என் மகள் இவளைத்தான் சொல்லப்போகிறாள். என் சபையில், என் பிள்ளைகள் முன்னால், இவள் எழுந்து நிற்க, நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மறுநாளிலிருந்து நான் அளந்த அரிசியில் எடுத்தேன். ஒரு பிடி இல்லை, ரெண்டு பிடி. நாத்தனார் ஒன்று எடுத்தால் நான் ரெண்டு எடுப்பேன் என்கிற வீம்பு. வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் குறையக் கூடாது, குறைந்தால் அவர் கேட்பார். அதனால் அவர்களுக்கு எப்போதும்போலப் போட்டுவிட்டு, மிச்சத்தில் கஞ்சித் தண்ணீரை ஊற்றி அடுப்படியிலேயே நின்று குடித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை டின் தளும்பத் தளும்ப இருக்கும். கூடையில் சத்தம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கொட்டுவேன். பக்கத்தில் நிற்கிற அம்மாக்கள் என் டின்னைப் பார்ப்பார்கள். அந்தச் சத்தம் எப்படியாவது சதுரங்கப்பட்டினம்வரை கேட்டால் தேவலை என்றிருக்கும். ரவிக்கை தொளதொளவென்று ஆனது, மடித்து ஊசி குத்திக்கொண்டேன்.

அந்த ஞாயிறு வந்தது. நாத்தனார் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். வெள்ளைப் புடவை, அவளுக்கு இருந்த ஒரே நல்ல புடவை. நான் கல்யாணப் பட்டைக் கட்டியிருந்தேன், சொல்வதற்கு வெட்கமில்லை. பெண்கள் பக்கத்தில் ஒரே பெஞ்சில் பக்கம் பக்கமாக உட்கார்ந்தோம். போதகர் ஐயா பிள்ளைகளை அழைத்தார். ஒரு பிள்ளை தாத்தாவைச் சொன்னது, ஒன்று தன் அண்ணனைச் சொன்னது. அப்புறம் என் மகள் போய் நின்றாள். நான் பட்டுத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நாத்தனாரின் கை மடியில் அசையாமல் கிடந்தது.

"எங்க அம்மா," என்றாள்.

எனக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை. போதகர் ஐயா, "அம்மாவிடத்தில் என்ன கண்டாய் மகளே?" என்று கேட்டார். அவர் அப்படி மேலே கேட்கிறவர் இல்லை. ஓய்வுநாள் பள்ளி, வசனம், ஜெபம் என்று அவள் வரிசையாகச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"அம்மா அளந்த அரிசில எடுத்துப் போட்டுட்டு, எங்களுக்கு எப்பவும் போல போடுறாங்க. அவங்க கஞ்சித் தண்ணி குடிச்சிட்டு, சாப்ட்டேன்னு சொல்றாங்க. எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறாங்க. அதுலதான் கண்டேன்."

கோயிலில் அழுதவர்கள் இருந்தார்கள். வீட்டுக்காரர் ஆண்கள் பக்கத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்த பார்வையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. எழுந்து நின்றேன். வேறென்ன செய்வது? "ஐயா, அது விசுவாசம் இல்லை, இதோ இவள் மேல் இருக்கிற பொறாமை" என்று சபை நடுவில் சொல்ல முடியுமா? நின்றேன். சபை எனக்காக ஜெபித்தது. நான் எதற்காக அத்தனை நாள் பட்டினி கிடந்தேனோ அது என் கைக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் எனக்கு முன்னால் அடுப்படிக்குள் போய்விட்டாள். "இன்னிக்கி நான் ஆக்குறேன் அண்ணி, நீங்க பட்டுப் பொடவைய மாத்துங்க." மதியம் அவளே பரிமாறினாள். எல்லாருக்கும் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். இலையில் சோற்றை மலையாகக் குவித்தாள். போதும் என்று கையைக் காட்டினேன். அவள் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அதான் ஜெயிச்சிட்டீங்களே அண்ணி. இனிமேனா நல்லா துன்னுங்க."

நிமிர்ந்து பார்த்தேன். கேலி இல்லை. கோபமும் இல்லை. என் ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு கரண்டி போட்டாள். அவ்வளவு பசி எனக்கு இருந்தது அப்போதுதான் தெரிந்தது. முழுவதையும் சாப்பிட்டேன்.

மகளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் அடுப்படியிலும் ஒரு டின் இருக்கிறது. அவள் பெண்ணும் அளந்த அரிசியில்தான் எடுக்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று யாராவது கேட்டால், இது எங்க அம்மா வழி என்று என்னைக் கைகாட்டுவாள் மகள். பல தடவை நாத்தனார் அங்கேயே உட்கார்ந்திருப்பாள், தலையை ஆட்டுவாள். நானும் திருத்துவதில்லை. வருஷக்கணக்கில் ஒரு வார்த்தை, ஒரு ஜாடை, என்னைத் தனியாகப் பார்த்து ஒரு சிரிப்புக்கூட அவளிடமிருந்து வரவில்லை. தன்னுடையதை எனக்குக் கொடுத்துவிட்டுக் கொடுத்ததையே மறந்துவிட்டவள் மாதிரி இருக்கிறாள். என்னால் அது முடியாது. அதனால்தான் இன்றைக்கும் அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.