கிணற்றடிக் கொடிக்கு ஒரு கோப்பை

திராட்சையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கக்கூடாது என்று நான் விறைத்துக்கொண்டு திரிந்த காலம் அது. எண்பதுகளின் தொடக்கம். கம்பத்துக்குத் தெற்கே எங்களுக்கு நான்கு ஏக்கர் பன்னீர் திராட்சை. கல் தூண் ஊன்றி, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தலாகப் படரவிட்ட தோட்டம். கலிபோர்னியாவில் குடியிருந்த தங்கை, "ஒரு தடவை வந்துட்டுப் போங்கண்ணே" என்று டிக்கெட் எடுத்து அனுப்பினாள். அங்கேயும் திராட்சை விளைகிறது என்று கேள்விப்பட்டேன். நம்ம வித்தையை நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் விமானம் ஏறினேன். இப்போது நினைத்தால் காது மடல் சுடுகிறது.

கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்னால் நான் செய்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் நான் ஏதோ நல்லவன் போல ஆகிவிடும்.

எங்கள் கிணற்றடியில் ஒரு தனிக் கொடி இருந்தது. என் அண்ணன் தனக்குக் கல்யாணமான வருஷம் வைத்தது. எங்கள் பக்கத்தில் பதினைந்து வருஷம் போனால் கொடியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக வைப்பார்கள். அதற்கு மேல் காய்ப்புக் குறைந்துவிடும். அந்தக் கொடிக்கு முப்பது வயது. அண்ணன் மாரடைப்பில் போன பிறகு அது மதினியின் கொடியாகிவிட்டது. பிள்ளை குட்டி இல்லாத மதினி எங்கள் வீட்டுப் பின்கட்டில் தனியாகப் பொங்கிச் சாப்பிட்டார். அந்தக் கொடிக்குக் கவாத்து வெட்டுவது, இலை கிள்ளுவது, மருந்து அடிப்பது எல்லாம் அவரே. பழுத்ததும் கூடையில் வைத்துக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து விற்றுவிட்டு வருவார். அவருடைய கைச்செலவுக்கு அதுதான். என்னிடம் எதற்கும் கை நீட்டியதில்லை. அது வேறு எனக்கு உறுத்தலாக இருந்தது.

அந்த வருஷம் மாசியில் வியாபாரி தோட்டம் பார்க்க வந்தார். திராட்சை வியாபாரிகள் நாம் எடுத்துக் கொடுக்கும் பழத்தைத் தின்ன மாட்டார்கள். கொத்தின் நுனிப் பழம்தான் கடைசியில் பழுக்கும். அதைத் தாங்களே பறித்து வாயில் போட்டுப் பார்ப்பார்கள். என் பந்தலில் ஒரு நுனிப் பழத்தைக் கடித்தவர் துப்பிவிட்டார். பேசாமல் கிணற்றடிக்கு நடந்துபோய் மதினியின் கொடியில் ஒன்றைப் பறித்தார். துப்பவில்லை. இன்னொன்று பறித்தார்.

"இதுதான் பழம். ஒங்கது வெறும் தண்ணிண்ணே" என்றார்.

என் ஆட்கள் எட்டுப் பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவன் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன்.

மறுநாள் மதினி தன் தம்பி மகளின் காதுகுத்துக்குக் கடமலைக்குண்டு போனார். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். நல்ல பகல் நேரம். குடித்திருக்கவில்லை, யாரும் தூண்டிவிடவும் இல்லை. நாலு வெட்டு. பொறாமையில் வெட்டினேன், அதற்கு வேறு பெயர் கிடையாது. பழுத்த கொத்துகள் கம்பியிலேயே தொங்கி வாடின. வெட்டின கட்டையிலிருந்து மூன்று நாள் தண்ணீர் சொட்டியது. மதினி ஊரிலிருந்து வந்து பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போக ஆரம்பித்தார். எங்கள் வீட்டு மூத்த மருமகள் ஊரான் பந்தலில் அண்ணாந்து நின்று பழம் கத்தரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாதையில் போவதை நான் நிறுத்திவிட்டேன். இருவருக்கும் பேச்சும் நின்றுபோனது.

தங்கைக்கு இது எதுவும் தெரியாது.

கலிபோர்னியா போய் இரண்டாவது வாரம், மாப்பிள்ளை காரில் எங்களை வெகுதூரம் கூட்டிப்போனார். "மச்சான், ஒங்களுக்குன்னே ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன். பழைய கொடியில மட்டும் ஒயின் போடுறாக. ருசி பாக்கத் தனியா ரூம் இருக்கு" என்றார். வழியெல்லாம் நான் பந்தலைத் தேடினேன். பந்தலே இல்லை. ஒவ்வொரு கொடியும் இடுப்பு உயரத்துக்குத் தடித்து முறுக்கிக்கொண்டு, பிடிமானம் ஏதும் இல்லாமல் வெயிலில் தனித்தனியாக நின்றது. பராமரிப்பு இல்லாத தோட்டம் என்று நினைத்தேன். "இதுக்கெல்லாம் கம்பி இழுத்துவிட ஆள் இல்லையாக்கும்" என்று தங்கையிடம் நக்கலாகச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

ருசி பார்க்கும் இடம் பழைய மரக் கொட்டகை. உள்ளே குளிர்ச்சியாக, புளித்த வாடையும் ஈர மர வாடையுமாக இருந்தது. நீளமான பலகைக்குப் பின்னால் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மாள், ஆண்பிள்ளை போலக் கால்சட்டை போட்டு, நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் அவர்தான். எங்கள் மூவருக்கும் கோப்பையின் அடியில் நனைகிற அளவுக்குச் சிவப்பு ஒயினை ஊற்றினார். நான் சாராயமே குடிக்காதவன் இல்லை, ஆனால் தங்கைக்கு முன்னால் குடித்ததில்லை. கஷாயத்தைப் போல ஒரே மடக்கில் விழுங்கி வைத்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் வாயில் வைத்துக் கொப்பளித்துப் பக்கத்திலிருந்த வாளியில் துப்பினார். எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்துக்காரம்மா முன்னாலேயே துப்புகிறானே என்று முறைத்தேன்.

"நல்லா இருந்தாலும் துப்புவாகண்ணே. எல்லாத்தையும் முழுங்குனா நிதானம் தப்பிரும்ல" என்றாள் தங்கை.

அந்த அம்மாள் நான் முறைத்ததைக் கவனித்திருக்க வேண்டும். தங்கையிடம் ஏதோ கேட்டார். நான் திராட்சைக்காரன் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அதன் பிறகு மற்றவர்களை விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"ஒங்க கொடிக்கு என்ன வயசுன்னு கேக்குறாகண்ணே."

"ஒம்பது வருசம்னு சொல்லு. நல்ல காய்ப்பு. ரெண்டு வருசத்துல அஞ்சு வெள்ளாமைன்னு சொல்லு" என்றேன்.

அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு, வெளியே நின்ற கொடிகளைக் காட்டினார். அவற்றுக்குத் தொண்ணூறு வயதாம். அவருடைய கணவரின் தாத்தா வைத்ததாம். கொடி கிழடாக ஆகக் கொத்துக் குறையும், பழம் சிறுக்கும், ஆனால் ருசி முழுதும் அந்தக் கொஞ்சத்தில் வந்து இறங்கும். இதைப் பிடுங்கிப்போடு என்று எத்தனையோ பேர் சொன்னார்களாம். மனசு வரவில்லையாம். நான் கேட்காத கேள்விக்கு அந்த அம்மாள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது தங்கை தானாகவே பேச ஆரம்பித்தாள். இங்கிலீஷில்தான் பேசினாள், ஆனால் 'மதினி' என்ற சொல்லை அப்படியே வைத்துப் பேசினாள். கையால் கிணறு காட்டினாள், கூடை காட்டினாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கிணற்றடிக் கொடியின் கதையைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அந்த அம்மாள் உள்ளே போனார். பட்டியலில் இல்லாத ஒரு பாட்டிலோடு திரும்பி வந்தார்.

"வீட்டுப் பக்கத்துல இருக்க ஒரே வரிசைக் கொடியில போட்டதாம்ணே. விக்கிறதில்லையாம். முப்பது வருசமா ஒத்தக் கொடிய விடாமப் பாக்குற வீட்டு ஆளுக்குத்தான் இதைத் தொறக்கணும்னு சொல்றாக. மதினி பேரு என்னன்னு கேக்குறாக."

தங்கை பெயரைச் சொன்னாள். அந்த அம்மாளுக்கு அது வாயில் நுழையவில்லை. மூன்று தடவை சொல்லிப் பார்த்துச் சரியாக்கிக்கொண்டார். பிறகு கோப்பையைத் தூக்கி மதினியின் பெயரைச் சொன்னார். அங்கே நின்ற முன்பின் தெரியாத ஆட்களும் தூக்கினார்கள். துப்பின மனுஷன்கூட இந்தத் தடவை துப்பாமல் குடித்தார்.

நான் தமிழில் சொல்லியிருக்கலாம். தங்கையையும் மாப்பிள்ளையையும் தவிர ஒருத்தருக்கும் விளங்கியிருக்காது. "கொடி இல்லம்மா, நான் வெட்டிட்டேன்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். கோப்பையை வாங்கிக் குடித்தேன். உண்மையிலேயே நல்ல ருசி. அதுதான் தாங்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தங்கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனுக்கு எவ்வளவு பாசம் என்று நினைத்திருக்கிறாள். அவள் அப்படி நினைப்பதையும் நான் தடுக்கவில்லை.

ஆனி கடைசியில் ஊர் திரும்பினேன். ஆடி பிறந்து காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், மதினி என் வீட்டு வாசலுக்கு வந்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு. கையில் வெளிநாட்டுக் கடிதம். மதினிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"வாங்க மதினி" என்றேன்.

"ஒங்க தங்கச்சி எனக்குப் போட்டிருக்கா. நம்ம வீட்டுக் கடுதாசிய ஊரான் வாசிக்க வேணாம்னு பாத்தேன். நீங்களே வாசிங்க தம்பி."

வாசித்தேன். சுகமா என்று கேட்டிருந்தாள். மதினி பெயரைச் சொல்லிக் கோப்பை தூக்கியதை எழுதியிருந்தாள். அந்த அம்மாள் சுவரில் மாட்டுவதற்குக் கொடியின் போட்டோ கேட்கிறாராம், மதினி பக்கத்தில் நிற்கிற மாதிரி எடுத்து அனுப்ப வேண்டுமாம். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"அம்புட்டுத்தானா? அந்தப் பக்கமும் எழுத்து இருக்கு" என்றார் மதினி.

திருப்பி அதையும் வாசித்தேன். "அங்கே அண்ணன் அழுதுவிட்டார் மதினி. உங்களையும் கொடியையும் நினைத்துத்தான் அழுதார். வாய்விட்டுச் சொல்லத் தெரியாது அவருக்கு." வாசித்து முடித்ததும் கடிதத்தை மடித்தேன், மறுபடி பிரித்தேன், மறுபடி மடித்தேன். மதினியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"பதில் எழுதணும். தாள் எடுங்க" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மழை, உடம்பு, கடமலைக்குண்டில் தம்பி மகளுக்குக் காது குத்தியது எல்லாம் சொன்னார். பிறகு, "ஆடிக் காத்துல பந்தல் சாஞ்சு கொடி முறிஞ்சு போச்சுன்னு எழுதுங்க" என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

"நீங்க அங்கன இருந்தப்ப கொடி இருந்துச்சுன்னுல அவ நெனச்சிருக்கா. இப்ப விழுந்ததாவே இருக்கட்டும். சின்னண்ணன் எம்புட்டோ பாத்தாக, பொழைக்கலன்னும் எழுதுங்க."

"அது வேணாம் மதினி."

"எழுதுங்க தம்பி. பொறந்த வீடுன்னு அவளுக்கு இருக்கது நீங்க ஒருத்தருதான்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி எப்படியாவது தப்பித்திருப்பேன்.

நான் அந்தத் தாளில் எதை எழுதினாலும் மதினிக்குத் தெரியப்போவதில்லை. 'நான்தான் வெட்டினேன்' என்று எழுதியிருந்தாலும் தெரிந்திருக்காது. பேனா என் கையில்தான் இருந்தது, தாளில் இடமும் இருந்தது. 'சின்னண்ணன் எவ்வளவோ பார்த்தார், பிழைக்கவில்லை' என்று எழுதினேன். எழுதியதை மதினிக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். "சரி தம்பி" என்று எழுந்து போனார். மறுநாள் காலையில் நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன்.