அந்த வசனத்தில் ‘நான்’ என்றவர்

என் அப்பா பாஸ்டர் ஆவதற்கு முன் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் விற்பனையாளராக இருந்தவர். பெயின்ட் வாங்க வந்தவருக்குப் பிரஷ்ஷும் ஏணியும் பேசியே சேர்த்து விற்று அனுப்பிவிடுவார் என்று அம்மா சொல்லுவா. அந்தக் குரல்தான் பிறகு வெள்ளவத்தையில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சபையை நிரப்பியது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கீழே காலி வீதியில் ஓடும் பஸ்கள் ஹோர்ன் அடிப்பதை நிறுத்துவதில்லை. அப்பா அவற்றுக்கு மேலால் பேசுவார். கல்கிசையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பிந்தி வந்தவர்கள் படிக்கட்டில் நின்று கேட்பார்கள்.

இறையியல் கல்லூரிப் பக்கம் அப்பா போனதில்லை. போகாததைப் பெருமையான ஒரு சாட்சி போலவே மேடையில் சொல்லுவார். கனக்கப் படித்தால் கடவுள் தந்த அபிஷேகம் குறைந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். வேதாகமத்தை அவர் வாசிக்காமல் இல்லை. விடியமுன் எழும்பி வாசிப்பார். ஆனால் நெஞ்சைத் தொடும் வரி ஒன்று அகப்பட்டதும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். அதற்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது, பின்னால் என்ன வருகிறது, யார் யாருக்குச் சொன்னது என்று பார்ப்பதெல்லாம் விசுவாசம் குறைந்தவர்களின் வேலை.

எனக்கு ஞாயிறு பாடசாலையில் படிப்பித்த அன்ரி கொட்டாஞ்சேனையில் இருந்தா. அவவுக்கு ஒரே மகன். என்னைவிட இரண்டு வகுப்புக் கூட. சபையில் கீபோர்ட் வாசிப்பான். பாட்டு நடக்கும்போது என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டிச் சிரிக்கவைத்துப் பேச்சு வாங்கித் தருவான். ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு டெங்கு வந்தது. முதலில் காய்ச்சல் விட்டது என்றார்கள். பிறகு ஐசியூவில் வைத்திருக்கிறார்கள் என்றார்கள்.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். போய்வந்த கையோடு ஞாயிறு ஆராதனையில் எல்லோருக்கும் அறிவித்தார், கர்த்தர் தனக்கு ஒரு வசனம் தந்தார் என்று. சாகமாட்டேன், பிழைத்திருப்பேன் என்று ஒருவர் பாடுகிற சங்கீத வரி அது. அப்பா அதை அந்தப் பிள்ளையின் பெயரை வைத்துச் சொன்னார்: அவன் சாகமாட்டான், பிழைத்திருப்பான். சபை கைதட்டியது. நானும் கை சிவக்கத் தட்டினேன்.

அதே வசனத்தை அப்பா ஆஸ்பத்திரியில் அன்ரிக்கும் சொல்லியிருந்தார். பல இரவுகள் ஐசியூ வாசலில் மர வாங்கிலேயே உட்கார்ந்திருந்து அவவின் கால்கள் வீங்கியிருந்தன. கர்த்தர் சொல்லிவிட்டார், இனிப் பயமில்லை, வீட்டுக்குப் போய்ப் படுத்து எழும்பி வாருங்கள் என்று அப்பா அவவை அனுப்பிவைத்தார். அவ வீட்டுக்குப் போய்ப் படுக்கவில்லை. மகன் வரப்போகிறான் என்று அவனுடைய படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் காயப்போட்டா. திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

கனத்தை மயானத்தில் அடக்கம் நடந்தபோது அப்பா பரலோகத்தைப் பற்றிப் பேசினார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. அவர் பேசி முடித்ததும், ஆட்கள் பிடித்திருந்த கையை விடுவித்துக்கொண்டு அன்ரி அவருக்குக் கிட்ட வந்தா. நான் அப்பாவின் குடைக்குள் நின்றேன். அவ சத்தம் போடவில்லை. வகுப்பில் எங்களிடம் கேள்வி கேட்கும் அதே குரலில்தான் கேட்டா.

“பாஸ்டர், அந்த வசனத்தில நான் எண்டு பாடுறது ஆர்?”

அப்பா வேதாகமத்தைத் திறந்தார். மழையில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இடத்தைக் கண்டுபிடித்தார், அந்த வரி சிவப்பு மையில் கோடிடப்பட்டிருந்தது. அதன் மேலேயும் கீழேயும் பார்த்தார். அன்ரி காத்துக்கொண்டு நின்றா.

“தெரியேல்ல சிஸ்டர்” என்றார்.

அவ தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனா. அதற்குப் பிறகு சபைக்கு வரவில்லை.

அப்பா சில வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு நாள் அம்மாவிடம், இறையியல் கல்லூரியில் பின்னேர வகுப்புக்குப் பதிந்துவிட்டு வந்தேன் என்று சொன்னார். அம்மா கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. சரி என்று மட்டும் சொன்னா.

அதன் பிறகு எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேர் வீட்டுப்பாடம் செய்தோம். அப்பா எபிரெய எழுத்துகளை அட்டைகளில் எழுதி என்னிடம் தந்து, ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுவார். ஒன்றுபோல இருக்கும் இரண்டு எழுத்துகளை ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்லுவார். பின்பக்கத்தில் விடை இருந்ததால் நான் பெரிய வாத்தியார் மாதிரி அவரைத் திருத்துவேன். அவருக்குப் படிப்பித்தவர் வயதான ஒரு சிங்களப் போதகர். முதல் தவணையில் அவர் கொடுத்த வேலை, ஒரே சங்கீதத்தை மாதம் முழுவதும் வாசிப்பது. ஆனால் அதை வைத்துப் பிரசங்கம் பண்ணக்கூடாது. அப்பாவுக்கு இந்த இரண்டாவது பகுதிதான் கஷ்டமாக இருந்தது.

படிப்பு ஏற ஏற அப்பாவின் பிரசங்கம் இறங்கிக்கொண்டே போனது. என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. முன்பு ஒரு வரியில் பற்றிக்கொண்டு மேடை முழுக்க நடந்தவர், இப்போது ஒரே இடத்தில் நின்று, இந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது, அந்த ஊரில் அப்போது என்ன சண்டை நடந்தது என்று விளக்கினார். பஸ் ஹோர்ன் அடித்தால் அது போகும்வரை பொறுத்திருந்தார். ஒரு ஞாயிறு யாரோ கேட்டதற்கு, எனக்குத் தெரியாது, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒலிவாங்கியிலேயே சொன்னார். எனக்குக் கதிரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. படிக்கட்டில் நிற்க இப்போது யாரும் வருவதில்லை. உள்ளேயே கதிரைகள் காலியாகக் கிடந்தன.

சபை மூப்பரான அங்கிள் ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், எங்கள் வீட்டு ஃபேனைக்கூட அவர்தான் ஏணி வைத்து ஏறிப் பூட்டித் தந்தவர். தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

“சனம் ஆறுதலுக்கு வருது பாஸ்டர். பாடம் படிக்க இல்ல.”

அப்பா அதை மறுக்கவில்லை. ஆறுதல் என்று நினைத்து ஒருவருக்குத் தான் கொடுத்தது என்ன என்று தனக்குத் தெரியும் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அங்கிளுக்கு அதற்குமேல் கேட்க விருப்பமில்லை.

இத்தனைக்கும் நடுவில் மாதத்துக்கு ஒருமுறை அப்பா கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்தார். அன்ரியின் கணவர் கீழே வந்து, வாசல் கம்பிக் கதவருகே நின்று கதைத்து அனுப்பிவிடுவார். அவ இறங்கி வருவதில்லை. அந்த மகன் செத்து ஒரு வருடம் கழிந்து, அடுத்த மழைக்காலமும் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை அப்பா என்னையும் கூட்டிப் போனார். ஏன் என்று சொல்லவில்லை. அன்று அன்ரி பல்கனியிலிருந்து என்னைக் கண்டிருக்கவேண்டும். மேலே வரச் சொல்லிக் கணவரை அனுப்பினா.

அவ மெலிந்திருந்தா. என் கன்னத்தைத் தொட்டு, வளர்ந்திட்டாய் என்றா. பிறகு அப்பாவுக்கு எதிரே போய் இருந்தா. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பழைய அப்பா என்றால் இந்நேரம் கையை உயர்த்தி ஜெபிக்கத் தொடங்கியிருப்பார், வீடே அதிர்ந்திருக்கும்.

“நீங்க அண்டைக்குக் கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தனான்” என்றார் அப்பா. “அது செத்துப் போற நிலையில இருந்து தப்பி வந்த ஒரு ஆள், கோயிலுக்குள்ள போய் நன்றி சொல்லிப் பாடின பாட்டு. நடந்து முடிஞ்சதைப் பாடினவர். உங்கட மகனுக்குக் குடுத்த வாக்கு இல்ல. நான்தான் அதைப் பிச்செடுத்துப் பிள்ளைக்குப் போட்டனான். அதை நம்பி உங்களை வீட்ட அனுப்பினதும் நான்தான். பிழை என்ட, சிஸ்டர்.”

அன்ரியின் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்ரி, தான் இப்போது ஜெபிப்பதில்லை என்று சொன்னா. வாயைத் திறந்தால் கடவுளை ஏசத்தான் வருகிறது, அந்தப் பாவத்தையும் ஏன் செய்யவேண்டும் என்று சும்மா இருக்கிறேன் என்றா.

அப்பா வேதாகமத்தைத் திறந்து, இன்னொரு சங்கீதத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். நான் கேட்டறியாத சங்கீதம். அதில் ஒருவர் இரவும் பகலும் கத்துகிறார். ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கடவுளைக் கேட்கிறார். சிநேகிதரை எல்லாம் என்னைவிட்டுத் தூரமாக்கினது நீர்தான் என்று குற்றஞ்சாட்டுகிறார். அப்பா எங்கேயும் குரலை உயர்த்தவில்லை. நான் முடிவுக்காகக் காத்திருந்தேன். எனக்குத் தெரிந்த சங்கீதங்கள் எப்படி அழுதாலும் கடைசியில் துதித்து முடிந்துவிடும். இது இருட்டு என்று சொல்லி முடிந்தது. அப்பா வேதாகமத்தை மூடினார்.

“மிச்சம்?” என்று அன்ரி கேட்டா.

“மிச்சம் இல்ல சிஸ்டர். இவ்வளவுதான்.”

“இதையும் கோயில்ல பாடினவையா?”

“ஓம். பாடினவை.”

அன்ரி வேதாகமத்தை அப்பாவிடமிருந்து வாங்கித் தானே ஒருமுறை பார்த்தா. விரலை வைத்து வரி வரியாகப் போனா. கடைசி வரிக்கு வந்ததும் அவவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு குனிந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினா. பெரிய ஆட்கள் அப்படி அழுது நான் கண்டதில்லை. ஏன் அவனை எடுத்தாய், நான் வரமுன் ஏன் எடுத்தாய் என்று யாரிடமோ கேட்டுக் கேட்டு அழுதா. கணவர் வந்து பக்கத்தில் இருந்தார். அப்பா தேற்றவில்லை, பரலோகம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. கைகளைக் கோத்துக்கொண்டு இருந்தார். வெயில் சாய்ந்த பிறகு எழும்பி, கணவரிடம் தலையசைத்துவிட்டு, வேதாகமத்தை அவவிடமே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

படியிறங்கி ரோட்டுக்கு வந்த பிறகும் மேலேயிருந்து அவவின் அழுகை கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது. திரும்பிப் போய் ஏதாவது சொல்லுங்கள் அப்பா, முந்தி மாதிரி ஜெபியுங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

“பொறு பிள்ளை. அவ கதைக்கட்டும்.”

மேலே அவவும் கணவரும் மட்டும்தானே, யாருடன் கதைக்கிறா என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா மதிலோடு சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றார். ரோட்டில் போனவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அன்று வீடு வந்ததும் அம்மாவிடம் போய், அன்ரியை அப்பா அழவைத்துவிட்டார், ஆறுதல் சொல்ல அவரிடம் ஒன்றுமே இல்லை, இத்தனை நாள் படித்தும் எல்லாம் மறந்துவிட்டது என்று முறைப்பாடு சொன்னேன்.