லிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு சகோதரர்

சபையில் அவளுக்குப் பாடக்கா என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை பாட்டெல்லாம் முடிந்து பாஸ்டர் பிரசங்கத்துக்கு எழுந்திருக்கும் முன்னால் ஐந்து நிமிடம் 'வீட்டுப் பாடம்' என்று ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் வந்து, வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லி, அதில் ஆண்டவர் தனக்கு என்ன கற்றுக் கொடுத்தார் என்று சொல்லலாம். யார் வேண்டுமானாலும் என்பது பேச்சுக்குத்தான். பல வருஷமாக அந்த மைக் அவள் கையை விட்டு இறங்கியதே இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு அது நன்றாகவே வரும். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தால் நமக்கு வாயில் திட்டு வரும். அவளுக்குக் கோபத்தைப் பற்றி ஒரு பாடம் வரும். காலுறை ஒன்று காணாமல் போனால் அது தொலைந்த ஆடு. கட்டிலுக்கு அடியில் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம், பரலோகத்தில் கொண்டாட்டம்தான். போதாததற்கு அவளுக்கு வேலை சலவைக் கடையில். வருகிற துணியை வாங்கி, பையைத் துழாவி, கறை இருக்கிற இடத்தில் ஊக்கு குத்தி அட்டை மாட்டுவது அவள் பொறுப்பு. கறையை உள்ளே மடித்து மறைத்துக் கொடுக்கிறவர்களைப் பற்றி மட்டுமே மூன்று வாரம் பேசியிருக்கிறாள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கறை படிந்த சட்டையின் சொந்தக்காரர் ஒருவர் பின் வரிசையில் நெளிந்துகொண்டு இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

அவளுக்கு ஒரே மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஒரு முறை வண்டி ஓட்டும் பரீட்சையில் இரண்டாவது தடவையும் தோற்றுவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த ஞாயிறு அது 'தாழ்மை' என்ற தலைப்பில் அரங்கேறியது. அன்றிலிருந்து மகள் வீட்டில் பேசுகிற பேச்சு "ம்", "தெரியல", "சாப்பிட்டேன்" என்ற அளவில் நின்றுவிட்டது. இந்த வயதுப் பெண்கள் எல்லாருமே இப்படித்தான் என்று அம்மா சமாதானம் சொல்லிக்கொண்டாள். பொறுமையைப் பற்றி அதிலும் ஒரு பாடம் எடுத்தாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் மாட்டுவார், பழுது பார்ப்பார். இயல்பிலேயே வாய் அதிகம் இல்லாத மனிதர். அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், தட்டைப் பார்த்துக்கொண்டே தானாகப் பேச ஆரம்பித்தார்.

"இன்னைக்கு ஒண்ணு நடந்துச்சு. கேபின் மேல ஏறி நின்னு கம்பிக்கு கிரீஸ் போட்டுட்டு இருந்தேன். கரண்ட் போயிடுச்சு. கைல இருந்த விளக்கும் அணைஞ்சிடுச்சு. அந்த நேரம் பார்த்து கேபின் ஒரு சாண் கீழ இறங்குச்சு. எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்கிறேன், ஒரு நாளும் எனக்கு அப்படி ஆனதில்ல. கை காலெல்லாம் நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. அந்த இருட்டுல நான் என்ன பண்ணேன் தெரியுமா? அம்மான்னு கத்திட்டேன். செத்துப் போன எங்கம்மாவ. சின்னப் பிள்ளை மாதிரி. கத்திட்டு…"

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று அவள் கையை உயர்த்தினாள். முகமெல்லாம் வெளிச்சம். "ஆபத்து வந்தப்ப நாம யாரைக் கூப்பிடுறோம்? ஐயோ, ஆண்டவர் என்ன அருமையா ஒரு பாடத்தைக் குடுத்துட்டாருங்க!" குழம்புக் கரண்டியைப் போட்டது போட்டபடி எழுந்து அடுத்த அறைக்கு ஓடினாள். மறந்து போவதற்குள் வரிசைப்படுத்திவிட வேண்டுமே. அவர் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்.

அந்த ஞாயிறு அவள் வாழ்க்கையிலேயே பெரிய வெற்றி. அவள் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. கணவர் என்று சொல்லாமல் காதும் காதும் வைத்த மாதிரி, "லிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு சகோதரர்" என்றுதான் சொன்னாள். இருட்டு, நடுக்கம், ஒரு சாண் இறக்கம் எல்லாவற்றையும் அப்படியே நடித்துக் காட்டினாள். "அம்மா!" என்று அவள் கத்திக் காட்டியபோது சபை குலுங்கிச் சிரித்தது. கடலில் முங்கப் போன பேதுரு மட்டும் 'ஆண்டவரே' என்று சரியான ஆளைக் கூப்பிட்டான் என்று அவள் முடித்தபோது சிரித்தவர்களே உச்சுக் கொட்டினார்கள். பாஸ்டர் எழுந்து, "இதுக்கு மேல நான் என்ன பிரசங்கம் பண்ண?" என்று கேட்டார். அவள் தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, கணவர் வழக்கம் போல வேனில் அவளையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆலயத்துக்கு எதிரே மர நிழலில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை.

"நீங்க போங்க. நான் இங்கேயே இருக்கேன்."

"உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வர மாட்டேன் என்று வீட்டில் இருந்துவிட்டாலாவது விசுவாசத்தில் பின்வாங்கிப் போய்விட்டார் என்று அழலாம். இவரோ குளித்து, வெளுத்த சட்டை போட்டு, வேதப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, ஆலய வாசல் வரை வந்து வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். இது என்ன கணக்கு? வீட்டிலும் முன்பு பேசிய கொஞ்ச நஞ்சப் பேச்சு நின்று போயிற்று. அன்றைக்கு எந்தக் கட்டடத்தில் வேலை என்று கேட்டால்கூட, "இங்கதான், பக்கத்துல" என்பார். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியூர்க்காரர் ஆகிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த மனிதரை நான் இழந்துவிடப் போகிறேனோ என்று சலவைக் கடையில் நின்றபடி நினைத்து, ஊக்கைத் தன் விரலிலேயே குத்திக்கொண்டாள்.

பயம் வந்தால் அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. இதில் ஆண்டவர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடினாள். வேதத்தில் வருகிற, ஊமையாகிப் போன ஆசாரியனைப் போட்டுப் பார்த்தாள், பொருந்தவில்லை. ஓடி ஒளிந்த தீர்க்கதரிசியைப் போட்டுப் பார்த்தாள். ஓடுகிறவன் ஆலய வாசலிலா வந்து நிற்பான்? கெட்ட குமாரன் கதையில் வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்ற மூத்த மகன் கொஞ்சம் ஒத்து வந்தான். ஆனால் அவனுக்குக் கோபம் இருந்தது, வாய்விட்டுச் சொன்னான். இவருக்குக் கோபமா, வருத்தமா, வேறு எதுவுமா? முதல் தடவையாக அவளுக்கு ஒரு விஷயத்தில் பாடம் கிடைக்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

கடைசியில் மகளிடம் போய் நின்றாள். மகள் கண்ணாடி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா ஏன்டி உள்ள வர மாட்டேங்கறாரு? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியல."

"தெரியும்னு உன் மூஞ்சியே சொல்லுது. சொல்லேன்டி. எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு."

மகள் கண்ணாடியைக் கீழே வைத்தாள். "அம்மா, நம்ம சபையில எத்தனை பேரு லிஃப்ட் வேலை பார்க்கிறாங்க?"

அவள் எண்ணத் தொடங்கினாள். பெயிண்டர் ஒருவர் இருக்கிறார், பஸ் டிரைவர் இரண்டு பேர், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் நாலைந்து பேர். வரிசை வரிசையாக மனதுக்குள் தேடிக்கொண்டே போனாள்.

"நீ அதைச் சொன்னதுக்கு அடுத்த வாரம் அப்பா உள்ள வந்தாருல்ல, அப்ப நீ மைக் பக்கத்துல நின்னுட்டு இருந்த. காணிக்கைப் பை எடுக்கிற அண்ணன் வாசல்லயே நிறுத்தி, 'என்ன சார், படி ஏறிடுவீங்களா, இல்ல அம்மாவக் கூப்பிடணுமா?'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்சாரு. எனக்குத்தான் பார்க்கவே முடியல."

"நான் பேரே சொல்லலையேடி!"

"ஆமா, நீ சொல்லல" என்றாள் மகள். "குளியலறையில அழுத ஒரு சகோதரியோட பேரைக்கூட நீ சொல்லவே இல்ல."

அவள் நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை. அட பாவி, என்ன வேலை பண்ணியிருக்கே என்று மனம் அடித்துக்கொண்டது. அதே மனம் இன்னொரு பக்கம் வக்காலத்தும் வாங்கியது. எத்தனை பேருக்கு ஆறுதல் கிடைத்தது? பார்த்ததையும் கேட்டதையும் மறைத்து வைக்கவா ஆண்டவர் காட்டுகிறார்? அப்படியானால் இத்தனை வருஷமும் பேசியது அவருக்காகவா, அந்த மைக்குக்காகவா? எது சரி, எது தப்பு என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் கணவர் வாசலில் உட்கார்ந்து வேலை ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க, தப்பு பண்ணிட்டேன். அன்னைக்கு அதை நான் சொல்லியிருக்கக் கூடாது."

அவர் பிரஷ்ஷை நிறுத்தினார்.

"நாளைக்கே சரி பண்ணிடறேன். எல்லார் முன்னாடியும் நின்னு மன்னிப்புக் கேக்குறேன். நாவை அடக்குறதைப் பத்தி, ஒரு மனைவி தன்னோட புருஷனை எப்படி…"

"வேண்டாம்" என்றார் அவர். குரல் உயரவில்லை. "உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். இதையும் பாடமாக்கிடாத."

அவளுக்குச் சுரீர் என்றது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலேயே தலைப்பு வரை வைத்தாகிவிட்டது. அவர் மறுபடியும் பாலிஷ் போட ஆரம்பித்தார். கொஞ்சம் கழித்து ஷூவைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எங்கம்மாவக் கூப்பிட்டதுல என்ன தப்பு?"

சபையில் அத்தனை உறுதியாகச் சொன்ன பதில் அந்த வாசலில் வாய்க்கு வரவில்லை.

ஞாயிறு வந்தது. வேன் மர நிழலில் நின்றது. அவளும் மகளும் இறங்கி உள்ளே போனார்கள். பாட்டு முடிந்ததும் வழக்கம் போல மைக் அவள் கைக்கு வந்தது. முன் வரிசைப் பெண்கள் கதை கேட்கச் சிரித்த முகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் கையில் ஒரு கறைகூட இல்லை, பொங்கி வழிந்த பால்கூட இல்லை. இருந்தாலும் தேடினால் ஏதாவது கிடைத்திருக்கும், அவள் தேடவில்லை.

"இன்னைக்குப் பாடம் எதுவும் இல்லைங்க" என்றாள்.

சபை காத்திருந்தது. இதுவே ஏதோ பெரிய பாடத்தின் முன்னுரை என்று நினைத்து ஒருவர் "அல்லேலூயா" என்றுகூடச் சொல்லிவிட்டார். அவள் மைக்கைப் பாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, நடு வழியாக நடந்து, காணிக்கைப் பை அண்ணனைத் தாண்டி வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது. வேனின் முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு? அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"இல்ல. சும்மா வந்தேன்."

அவர் நம்பாமல் பார்த்தார். அவர் மடியில் வேதப் புத்தகம் திறந்திருந்தது. உள்ளே பாஸ்டர் பேசுவது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. ஓ, இத்தனை நாளும் இந்த மனிதர் இங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. அடக்காமல் அழுதாள். அவர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள். "அன்னைக்கு நீங்க பாதியில நிறுத்திட்டீங்க. நான்தான் நிறுத்த வச்சேன். அம்மாவக் கூப்பிட்டீங்க. அப்புறம் என்ன ஆச்சு?"

அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார். சொல்ல மாட்டார் என்றே நினைத்தாள். சொல்ல வேண்டும் என்று என்ன கட்டாயம்?

"கூப்பிட்டேன்ல" என்றார் மெல்ல. "கூப்பிட்ட உடனே நடுக்கம் நின்னுடுச்சு. சட்டுனு. யாரோ வந்து பக்கத்துல நின்ன மாதிரி. முதுகுல கைய வச்ச மாதிரி. கரண்ட் வர்ற வரைக்கும் கூடவே இருந்தாங்க. யாருன்னு எனக்குத் தெரியல. அம்மாவா, ஆண்டவரான்னு தெரியல. அதைத்தான் உன்கிட்ட கேக்கலாம்னு அன்னைக்கு ஆரம்பிச்சேன். உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமேன்னு."

அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று அவள் கைக்குக் கிடைத்ததே இல்லை. சபையே எழுந்து நிற்கும். உள்ளே பாஸ்டர் இன்னும் முடிக்கவில்லை, ஓடிப் போனால் இப்போதும் மைக் கிடைக்கும். வார்த்தைகள் தாமாக வரிசை கட்டித் தொண்டை வரை வந்து நின்றன. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்கும் தெரியலைங்க" என்றாள்.

அவர் திரும்பி அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு, "எந்தப் பக்கம் நின்ன மாதிரி இருந்துச்சுன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க" என்றாள் அவள்.